இரண்டு படங்களுக்கு நடுவே இருப்பது யார்?

ரயில் ஓட்டும் சிமுலேட்டர் தடங்கலில்லாமல் ஓட எப்படிப்பட்ட கணினி வேண்டும் என்று கேட்பவர்கள் விலையையும் வேகத்தையும் பற்றியே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குள் இந்தியத் தத்துவத்தின் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. ‘சீராக ஓடுகிறது’ என்கிறோமே, அந்தச் சீர் எதில் இருக்கிறது? டிரெயின் சிம் வேர்ல்ட் என்ற சிமுலேட்டரில் லண்டன் பாடிங்டனிலிருந்து ரெடிங் போகும் தடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓடும் பழைய டீசல் விரைவு வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 125 மைல், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 56 மீட்டர். திரை நொடிக்கு 60 படம் காட்டினால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வண்டி 93 சென்டிமீட்டர் தள்ளி வரையப்படுகிறது. இடைப்பட்ட அந்த 93 சென்டிமீட்டரில் வண்டி எங்குமே இருந்ததில்லை. ஒரு படம் பிறக்கிறது, அழிகிறது, அதன் இடத்தில் வேறொன்று பிறக்கிறது. நகர்ந்தது எதுவுமில்லை.

உலகம் முழுவதும் இப்படித்தான் இருக்கிறது என்றார்கள் சௌத்திராந்திகப் பௌத்தர்கள். கணந்தோறும் தோன்றிக் கெடுவதே பொருளின் இயல்பு; ஒரே சுடர் என்று நாம் நினைப்பது ஒன்றன்பின் ஒன்றாக எரியும் பல சுடர்களின் வரிசை. இந்தக் கணபங்க வாதத்தைச் சமணர் நீலகேசியிலும், 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தியான அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலும் வரிந்துகட்டிக்கொண்டு மறுத்தார்கள் என்றால், அது எளிதில் ஒதுக்கக்கூடிய வாதம் அல்ல என்றுதான் பொருள். உள்ளது என்றால் ஏதேனும் ஒரு காரியம் செய்ய வேண்டும். மாறாமல் நிலைத்திருக்கும் பொருள் தன் காரியங்களையெல்லாம் ஒரே கணத்தில் செய்து முடித்துவிடாமல் ஏன் காத்திருக்கிறது? காத்திருந்து பின்னர் செய்தால் அது மாறிவிட்டது. மாறினால் அது வேறு பொருள். பௌத்தரின் இந்தக் கேள்வி இன்றும் கூர் மழுங்காதது.

திரையில் படங்கள் அழிந்தாலும், வண்டியின் வேகமும் பிரேக் குழாயின் அழுத்தமும் கணினியின் நினைவகத்தில் நிலைத்து நிற்கின்றனவே, அவற்றிலிருந்துதானே அடுத்த படம் பிறக்கிறது என்று மறுக்கலாம். அங்கும் பௌத்தருக்கு விடை உண்டு. ரேமில் ஒவ்வொரு துணுக்குச் செய்தியும் மிகச் சிறிய மின்னூட்டமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லிநொடிக்குள் படித்து மறுபடி எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் வண்டியின் வேகம் மறந்துபோகும். நிலைத்து நிற்பதாக நாம் எண்ணிய அந்த வேகம்கூட ஓயாமல் புதிதாக எழுதப்படும் வேகம். பொருளில் நிலைப்பைத் தேடிப் போனால் பௌத்தரே வெல்கிறார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஓட்டம் திக்குகிறதே, அதைக் கவனிக்க வேண்டும். சிமுலேட்டரைச் சீராக்க முயன்றவர்கள் முதலில் கற்பது, நொடிக்கு எத்தனை படம் என்ற சராசரியை நம்பக் கூடாது என்பதைத்தான். ஒரு நொடியில் 54 படங்கள் தலா 16.7 மில்லிநொடியில் வந்து, ஒரே ஒரு படம் 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், சராசரி 55. எண்ணைப் பார்த்தால் குறையில்லை. கண்ணுக்கோ வண்டி வெட்டிக் குதிக்கிறது. தண்டவாள ஓரத்துக் கம்பங்கள் ஒரே கதியில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பதால், ரயிலில் இந்தக் குதிப்பு பளிச்சென்று தெரிந்துவிடும். இந்தக் குதிப்பு எங்கிருந்து வருகிறது? ‘டிரெயின் சிமுலேட்டர்’ என்ற பழைய விளையாட்டு 2018 வரை 32 பிட்டில் ஓடியதால், அதற்கு 4 ஜிபிக்கு மேல் நினைவகம் எட்டவில்லை. வேலையில் பெரும்பங்கு பிராசசரின் ஒரே கோரில் விழும். விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு சும்மா காத்திருக்கும். புதிய நிலப்பரப்பு ஏற்றப்படும்போது, நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்கில், வேண்டிய இடம் சுற்றி வருவதற்கே சராசரியாக 4.2 மில்லிநொடி ஆகும். படிக்கும் முனை நகரும் நேரம் தனி. இப்படி நாலைந்து தேடல் சேர்ந்தால் ஒரு படத்துக்குரிய நேரம் முழுதும் போய்விடும். அதனால்தான் கோரின் வேகமும் எஸ்எஸ்டியும் முதலில், கார்டு பிறகு. இப்போது அந்தத் தாமதித்த படத்தைத் தனியே எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. அதற்கு முந்தையதிலும் இல்லை. குதிப்பு எந்தப் படத்திலும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்த ஒருவருக்கே இருக்கிறது. நேற்றுக் கண்டவனே இன்று நினைக்கிறான் என்று சங்கரர் பிரம்மசூத்திர உரையில் இந்தக் கணபங்க வாதத்துக்கு எதிராக நினைவைச் சாட்சிக்கு அழைத்தார். கணினி அதையே நேற்று இன்று என்ற தொலைவிலிருந்து பத்தில் ஒரு நொடிக்குள் கொண்டுவந்து காட்டுகிறது.

ஆளே இல்லாமல், படநேரங்களைப் பதியும் நிரல் ஒன்று அந்த 100ஐக் குறித்துவிடுகிறதே என்று கேட்பார்கள். குறிக்கிறது. ஆனால் எப்படி? இந்த நேரத்திலிருந்து முந்தைய நேரத்தைக் கழித்து. கழிக்க வேண்டுமானால் இரு எண்களும் பிராசசருக்குள் ஒருசேர இருந்தாக வேண்டும். முதல் எண் அழிந்த பிறகு இரண்டாவது வந்தால் கழித்தல் நடக்காது. இயந்திரத்திலும் ஒப்பிடுவது என்பது சேர்த்துப் பிடிப்பதுதான். முந்தைய கணம் தன் பதிவை, அதாவது வாசனையை, பிந்தைய கணத்தில் விட்டுச் செல்கிறது, அது போதும் என்று பௌத்தர் சொல்வார். அந்த வாசனையும் இப்போது இருப்பதுதானே. ‘நான் போன கணத்துக்கு உரியவன்’ என்று அது தன் மேல் எழுதிக்கொண்டு வருவதில்லை. அதைச் சென்றதன் அடையாளம் என்று அறிய, அந்த ஒரு கணத்துக்குள் அடங்காத அறிவு தேவை.

இந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிபவர் ஒரு படத்தைவிட நீளமானவர் என்பது மட்டுமே இதனால் நிறுவப்படுகிறது. ஆன்மா அநாதி, நித்தியம் என்று சைவ சித்தாந்தி சொல்வதற்கு இது போதாது. அதற்கு வேறு சான்றுகளை அவர் கொண்டுவர வேண்டும். நிலைத்த சாட்சி ஒன்று இருந்தால் திரையின் குதிப்பு அதை ஏன் தொட வேண்டும், அது அசையாமல் பார்த்திருக்க வேண்டாமா என்ற மறுப்புக்கு மட்டும் சைவ சித்தாந்தத்திடம் நல்ல விடை இருக்கிறது. அது சொல்லும் உயிர் ஒதுங்கி நிற்கும் சாட்சி அல்ல, சார்ந்ததன் வண்ணமாவது. படங்கள் ஒரே இடைவெளியில் வரும்வரை அது தண்டவாளமாகவும் கம்பமாகவும் வேகமாகவும் ஆகிப்போகிறது, தன்னைத் தனியே அறிவதில்லை. ஒரு படம் தாமதிக்கும் கணத்தில்தான் பாடிங்டன் பாதையிலிருந்து பிரிந்து, நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவராக மீள்கிறது.