புள்ளிகளால் ஓர் உம்ரா



ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம் வாங்கும் நம் பிள்ளைகளிடையே இப்பொழுது ஒரு பேச்சு நடக்கிறது. வீட்டுச் செலவு முழுவதையும் கிரெடிட் கார்டிலேயே செய்து வந்தால் புள்ளிகள் சேரும். சேர்ந்த புள்ளிகளைக் கொடுத்துப் பெங்களூர் தேவனஹள்ளியிலிருந்து ஜித்தாவுக்கு விமானச் சீட்டு வாங்கலாம். மக்காவில் பெரிய ஓட்டலில் கைக்காசு போடாமல் ஓரிரு இரவு தங்கலாம். "இப்படி உம்ராச் செய்வது ஆகுமா, ஆகாதா?" என்று கிருஷ்ணகிரியிலிருந்தும் கேட்கிறார்கள்.

இது வெறும் கதையல்ல. மக்காவின் மணிக்கூண்டுக் கோபுரத்திலுள்ள ஃபேர்மான்ட் ஓட்டல் அக்கோர் என்ற கம்பெனியைச் சேர்ந்தது. ஜபல் உமர் பகுதியில் மாரியட், ஹில்டன் கம்பெனிகளின் ஓட்டல்கள் இருக்கின்றன. இவை எல்லாமே வாடிக்கையாளருக்குப் புள்ளி கொடுப்பவை. 2023 ஆகஸ்டில் எச்.டி.எஃப்.சி. வங்கியும் மாரியட்டும் சேர்ந்து இந்தியாவில் ஒரு கார்டையே வெளியிட்டன. ஆகவே வழி இருப்பது உண்மை. அந்த வழியில் என்ன கிடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வங்கி யாருக்கும் சும்மா கொடுப்பதில்லை. புள்ளிக்கான பணம் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. நாம் கார்டு தேய்க்கும்போது கடைக்காரர் விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கை வங்கித் தரப்புக்கு விட்டுக்கொடுக்கிறார், அது ஒன்று. மற்றொன்று, கெடுவுக்குள் பணம் கட்ட முடியாதவர் செலுத்தும் வட்டியும் அபராதமும். முதலாவதில் பெரிய சிக்கல் இல்லை. சேவைக்குக் கூலி என்று அறிஞர்கள் அதை ஏற்றிருக்கிறார்கள். இரண்டாவதுதான் நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறது. ஒரே தொழிற்சாலையில், ஒரே ஷிப்டில், ஒரே மேஜையில் சாப்பிடும் இருவரில் ஒருவர் கெட்டிக்காரராக முழுத்தொகையையும் கட்டிப் புள்ளி சேர்க்கிறார். மற்றவர் மகளின் பிரசவச் செலவுக்குத் தேய்த்துவிட்டு மாதாமாதம் வட்டி கட்டுகிறார். முன்னவருடைய ஓட்டல் அறையில் பின்னவருடைய காசும் கலந்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு "இலவசம்" என்று சொல்வது சரியான சொல் அல்ல.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2000 செப்டம்பரில் ரியாதில் கூடியபோது இந்த மஸ்அலாவை விரிவாக ஆராய்ந்தது. தாமதமானால் வட்டி தருவேன் என்ற நிபந்தனையுள்ள கார்டை, கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் வாங்கலாகாது என்பது அதன் தீர்மானம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே வட்டிக்கு உடன்பட்டு விடுகிறோம் என்பது காரணம். வேறு சில உலமாக்கள், வட்டி விழும் நிலைக்கு ஒருபோதும் போகமாட்டேன் என்ற உறுதியும் வசதியும் உடையவர் தேவையை முன்னிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று இடமளிக்கிறார்கள். அகாடமியின் தீர்ப்பே பேணுதலுக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். ஆனால் மற்றவர்களைப் பின்பற்றுகிறவரைக் குறை சொல்ல மாட்டேன்.

புள்ளியே வட்டியா என்றால், இல்லை. கடன் கொடுத்தவர் கடனுக்காக ஆதாயம் பெறுவதுதான் ரிபா. இங்கே கடன் கொடுப்பது வங்கி. பரிசும் அதுவே தருகிறது. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு விதிமுறை வகுக்கும் பஹ்ரைன் அமைப்பும், கார்டு வைத்திருப்பவருக்கு ஓட்டலிலும் விமானத்திலும் சலுகை தருவது ஆகும் என்றே கூறுகிறது. அதாவது, கேள்வி புள்ளியைப் பற்றியதல்ல. அது தொங்கும் கிளையைப் பற்றியது.

கிளை எவ்வளவு வழுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 50,000 ரூபாய் தேய்க்கிறீர்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் மதிப்பில் புள்ளி என்று வைத்தால் 500 ரூபாய் கிடைக்கும். ஒரு மாதம் கை தவறுகிறது. "குறைந்தபட்சத் தொகை" என்று பில்லில் அச்சிட்டிருப்பதை மட்டும் கட்டுகிறீர்கள். பல கார்டுகளில் மாத வட்டி நூற்றுக்கு மூன்றரை வரை போகிறது.  பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கு ஓடும். 50,000-க்கு ஒரு மாதத்தில் 1,750 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 315. நான்கு மாதப் புள்ளி ஒரே மாதத்தில் கரைந்துவிட்டது. போதாததற்கு, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காமல் போகும். 30 சதவீதத்துக்கு மேல் ஆண்டு வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் கூறியதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்துவிட்டதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. புள்ளிக்காகப் பொருளே வாங்காமல் கடையில் கார்டைத் தேய்த்து, கமிஷன் கழித்துப் பணமாக வாங்கிக்கொள்வது. விற்காததை விற்றதாக எழுதுவது பொய். வங்கியோடு செய்த உடன்படிக்கைக்கும் மோசம். மாற்றார் நிறுவனம் என்பதால் வாக்கு மீறலாம் என்று மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. இதைப் பற்றி இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை.

நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்டது. இறந்தவருக்கு மூன்று தீனார் கடன் இருந்தது. விட்டுச் சென்றது ஒன்றுமில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்ற பிறகுதான் தொழ முன்வந்தார்கள். மூன்று தீனாருக்கே அந்த நிலை. நீண்ட பயணம் செய்து, தலை கலைந்து, புழுதி படிந்து, வானை நோக்கிக் கையேந்தும் ஒரு மனிதரைப் பற்றியும் நாயகம் (ஸல்) கூறியிருக்கிறார்கள். அவருடைய உணவும் உடையும் ஹராமாக இருக்கையில் துஆ எப்படி ஏற்கப்படும் என்று கேட்டார்கள். இஹ்ராம் துணியை விலை கொடுத்து வாங்குமுன் இந்த ஹதீஸை வீட்டாரோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள்.

ஹஜ்ஜே வசதியுள்ளவர்மீதுதான் கடமை. அரசின் ஹஜ் மானியம் 2018-ல் நிறுத்தப்பட்டபோது, சக்தியில்லாதவர்மீது அந்தக் கடமையே இல்லையே என்று நம்மவர் பலர் அதை வரவேற்கவே செய்தார்கள். அப்படியிருக்க, உம்ராவுக்காகக் கடன் கயிற்றில் நடப்பானேன்?

ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது: முழுத்தொகையும் கெடுவுக்குள் தானாகவே கணக்கிலிருந்து போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். கையில் ரொக்கம் இருந்தால் வாங்கக்கூடியதை மட்டுமே கார்டில் வாங்குங்கள். டீக்கடையில் செல்போனைக் காட்டிச் செலுத்துவதுகூட இப்பொழுது சில கார்டுகளில் கடனாகிறது, கவனம். சவூதியில் தேய்த்தால் அந்நிய நாணயக் கட்டணம் பல கார்டுகளில் மூன்றரை சதவீதம் வரை விழும். புள்ளியில் மிச்சம் பிடித்ததை அது தின்றுவிடும். பாக்கி இருப்பவர்கள் புள்ளியை மறந்துவிட்டுப் பாக்கியை முதலில் அடையுங்கள். பல வங்கிகள் புள்ளியைப் பில் தொகையில் கழித்துக்கொள்ளவும் விடுகின்றன. கடனாளிக்கு அதுவே நல்ல உபயோகம்.

மலேசியாவில் கிராமத்து முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து வறுமையில் வாடுவதைக் கண்ட பொருளாதார அறிஞர் உங்கு அஸீஸ், 1959-ல் வட்டியில்லாச் சேமிப்புத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். 1963-ல் செயல்படத் தொடங்கிய அந்த நிதிதான் இன்றைய தாபுங் ஹாஜி. சிறுகச் சிறுகப் போட்டே இலட்சக்கணக்கானோர் மக்கா போய் வந்தார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி ஜமாஅத்துகள் அவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. மாதம் 2,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டு போட்டால் 96,000 ஆகிறது. கணக்கெழுத நாணயமான இருவரும், சம்பளம் வரும் வாரத்து ஜுமுஆவுக்குப் பின் கால்மணி நேரமும் இருந்தால் பள்ளிவாசலிலேயே தொடங்கிவிடலாம்.