பழுது பார்ப்பது எங்கே முடிகிறது?



விளையாட்டுச் சாமானைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நகைக்க வேண்டாம். பெரிய காரியங்களில் நாம் எச்சரிக்கையாக நடந்துகொள்கிறோம். சிறிய பொருள்களில்தான் நமது மனம் உள்ளபடி வெளிப்படுகிறது. ஆகவே ஒரு சிறிய வண்டியைக் கொண்டு ஒரு பெரிய கேள்வியை இன்று ஆராய்வோம்.

'மான்ஸ்டர் டிரக்' என்னும் பூத வண்டியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சாதாரண வண்டியின் உடலை ராட்சதச் சக்கரங்களின்மேல் தூக்கி வைத்ததுபோல் இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரப் பக்கத்திலிருந்த பாப் சாண்ட்லர் என்பவர், 1974-ஆம் வருஷத்து ஃபோர்டு வண்டி ஒன்றைக் கரடுமுரடான இடங்களில் ஓட்டிவந்தார். ஓட்ட ஓட்ட உறுப்புகள் உடைந்தன. உடைந்த இடத்தில் முன்னிலும் பலமானதைப் பூட்டினார். இப்படியே வளர்ந்த அந்த 'பிக்ஃபுட்', 1981-இல் பழைய கார்களின்மேல் ஏறி அவற்றை நசுக்கிக் காட்டியது. பிறகு, ரேடியோவினால் ஓட்டும் சிறு வண்டிகளும் அதே உருவத்தில் வந்தன. ஜப்பானிலுள்ள தமியா கம்பெனி 1987-இல் வெளியிட்ட 'கிளாட் பஸ்டர்' அவற்றுள் பேர்போனது. இரண்டு மோட்டார்கள், நான்கு சக்கரங்களும் உந்தும், நான்கும் திரும்பும்.

நிற்க. ஒரு வழக்கை வைத்துக்கொள்வோம். ஒரு தகப்பனார் தம் பன்னிரண்டு வயது மகனுக்காக இந்த ஜாதியில் பழைய வண்டி ஒன்றை மலிவாக வாங்கி வருகிறார். மோட்டார் சுற்றுகிறது; சக்கரம் சுற்றவில்லை. இருவரும் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்துத் திருகுகளைக் கழற்றுகிறார்கள். கியர்ப் பெட்டிக்குள் மண்ணும் காய்ந்த கிரீஸும். ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் மூன்று பற்களைக் காணோம். கழுவித் துடைத்துப் புதுச் சக்கரம் போடுகிறார்கள். அதற்கும் மோட்டாரின் சிறு பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து, இரண்டையும் நெருக்கி, மோட்டாரை முடுக்கிவிட்டுக் காகிதத்தை உருவுகிறார்கள். பற்கள் உரசாமலும் நழுவாமலும் கடிப்பதற்கு அந்தக் காகிதத்தின் கனமே போதுமான இடைவெளி. வண்டி ஓடுகிறது. பையன் குதிக்கிறான்.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை, மெச்சவே வேண்டும். எறியப்பட வேண்டிய பொருள் உயிர் பெற்றது. பையன் பொறுமையைக் கற்றான். இன்னும் சில திருத்தங்களும் நியாயமே. தேய்ந்த புஷ்களுக்குப் பதில் பால் பேரிங் வைத்தால் உராய்வு குறையும். பழைய வண்டிகளில் வேகத்தைக் குறைப்பதற்காக மின்சாரத்தில் ஒரு பகுதியை ரெசிஸ்டரில் சூடாக்கி வீணடிப்பார்கள். எலெக்ட்ரானிக் கண்ட்ரோலர் வைத்தால் அந்த விரயம் பெரும்பாலும் நீங்கும். இவையெல்லாம் வண்டியை அதன் வேலைக்கு மேலும் தகுதியாக்குகின்றன.

அடுத்த வாரம் தகப்பனாருக்கு வேறோர் எண்ணம் உதிக்கிறது. பழைய பாட்டரி 7.2 வோல்ட். அதை எடுத்துவிட்டு 11.1 வோல்ட் லித்தியம் பாலிமர் பாட்டரியும், அதற்கேற்ற புது மோட்டாரும் பூட்டுகிறார். அந்தப் பாட்டரியில் செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஆகவே அதற்கென்று தனிச் சார்ஜரும் வாங்குகிறார். வண்டி பாய்கிறது. பாய்ந்த மாத்திரத்தில் புதுப் பல்சக்கரம் மழுங்குகிறது. உருக்குச் சக்கரம் வருகிறது. இப்போது பல் நிற்கிறது, அச்சு முறிகிறது. உருக்கு அச்சு வருகிறது. அதைத் தாங்கும் பெட்டி விரிசல் விடுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாயிற்று. வண்டி மேஜையை விட்டு இறங்கி ஒரு மாதம் ஆகிறது. "எப்பொழுது ஓடும்?" என்று கேட்பதைப் பையன் நிறுத்திவிட்டான்.

தவறு எங்கே நுழைந்தது?

மோட்டாரின் பலம் பல்சக்கரம், அச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துதான் தரைக்குப் போகிறது. வரிசையில் எது பலவீனமோ அது உடையும். அதை மட்டும் பலப்படுத்தினால் பலவீனம் ஒழிவதில்லை. அடுத்த உறுப்புக்கு இடம் மாறுகிறது. பழுதுக்கு ஓர் அளவு உண்டு: மூன்று பல் போயிற்று, சக்கரத்தை மாற்றினோம், முடிந்தது. "இன்னும் கொஞ்சம்" என்பதற்கோ அளவே கிடையாது. அரிஸ்டாட்டில் 'அரசியல்' என்னும் நூலில் செல்வத்தைப் பற்றி இதையே கூறினார். வீட்டின் தேவைக்காகத் தேடும் பொருளுக்கு எல்லை உண்டு. பணத்துக்காகவே பணம் தேடுகிறவனுக்கு எல்லை இல்லை.

"என் உழைப்பில் வந்த காசு, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று அந்தத் தகப்பனார் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பலமான உறுப்பு வாங்குவதே குற்றமென்று நான் சொல்லவில்லை. பந்தயத்துக்கு விடுகிறவனுக்கு உருக்கு அச்சு அவசியமாக இருக்கலாம். சாண்ட்லருக்கோ அந்தப் பூத வண்டியே பிழைப்பாயிற்று. ஒரே அச்சு ஒருவன் கையில் தேவை, மற்றொருவன் கையில் பேராசை. எதற்காக என்ற நோக்கமே அளவை நிர்ணயிக்கிறது. நம் தகப்பனாரின் நோக்கம் என்ன? மகனோடு சேர்ந்து ஒரு வண்டியை ஓட்டுவது. அது முதல் வாரத்திலேயே நிறைவேறிவிட்டது. அதன் பிறகு செய்த ஒவ்வொரு செலவும், நிறைவேறிய நோக்கத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி எடுத்துக்கொண்டது. நஷ்டம் பணத்தில் மட்டுமல்ல. நஷ்டப்பட்டவன் பக்கத்து அறையில் இருக்கிறான்.

ஆகவே எந்தப் பொருளைத் திருத்த உட்கார்ந்தாலும், முதல் திருகைக் கழற்றுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது யாருக்காக? எது நடந்தால் வேலை முடிந்ததென்று ஒப்புக்கொள்வேன்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையானால், நாம் பழுது பார்க்கவில்லை, பசியை வளர்க்கிறோம். வண்டிக்கு மட்டுமல்ல, வீடு கட்டுவதற்கும் கலியாணச் சீர்வரிசைக்கும் இது பொருந்தும்.

அந்தத் தகப்பனாருக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. கழற்றி வைத்த பழைய மோட்டாரும் பாட்டரியும் அலமாரியில் இருக்கின்றன. பெட்டியின் விரிசலைச் சரிசெய்து அவற்றையே மறுபடி பூட்டலாம். பையனையும் கூப்பிட்டு உட்கார்த்திக்கொள்ளட்டும். காகிதத் துண்டை அவன் பிடிக்கட்டும். வேகம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் சாயங்காலத்துக்குள் வண்டி தரையில் ஓடும்.