நேர்ந்துகொள்ளாமல் போன யாத்திரை

கியோட்டோவிலிருந்து நாராவுக்கு ஜேஆர் விரைவு வண்டியில் முக்கால் மணி நேரம்தான். முன்பதிவும் தேவையில்லை. காலையில் திடீரென்று தோன்றி, துணைக்கு யாரும் இல்லாமல் ரயிலேறி, சாயங்காலமே திரும்பிவிடலாம். அப்படிக் கிளம்பி, தோடைஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர் முன் நிற்பவர் பக்தரா, ஊர் சுற்றியா?

ஷிகோக்கு தீவின் 88 கோயில்களைச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால், வெள்ளை அங்கியும் கைத்தடியுமே அவர்கள் எண்ணத்தைச் சொல்லிவிடும். ஆனால் ஷின்ரான் (1173–1262) என்ற துறவி, சொந்த முயற்சியால் முக்தியைச் சம்பாதிக்கலாம் என்ற நம்பிக்கையையே சந்தேகித்தவர். கரை சேர்ப்பது அமிதாப புத்தரின் அருள்தான் என்றார். அவர் கணக்கில், மாதக்கணக்காகத் திட்டமிட்டு வந்தவருக்குத் தனிச் சலுகை இருக்க நியாயமில்லை. (சோம்பேறிகளுக்கு வசதியான வாதம் என்பதையும் மறுப்பதற்கில்லை.)

தோடைஜியின் வரலாற்றிலேயே இன்னொரு சாட்சி உண்டு. 752இல் அந்தப் புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன துறவி போதிசேனர். அவர் பிடித்த தூரிகையில் நீளமான கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். தீட்டியது ஒரு கை. புண்ணியத்தில் பங்கு கயிற்றைத் தொட்டவர்களுக்கெல்லாம். அந்த நீலக் கயிறு ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்து கயிற்றைப் பிடித்தவர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க மாட்டாரா?

அதே கோயிலின் புத்தர் மண்டபத் தூண் ஒன்றில், புத்தரின் நாசித்துளை அளவு என்று சொல்லப்படும் ஓட்டை இருக்கிறது. நுழைந்து வெளியே வந்தால் மறுபிறவியில் ஞானம் என்பது நம்பிக்கை. குழந்தைகள் சிரித்துக்கொண்டே புகுந்து வந்துவிடுவார்கள். தோள் அகன்ற பெரியவர்கள்தான் பாதியில் மாட்டிக்கொள்வார்கள்.