நாலு யூனிட் தூரம்

என் அக்கா மகன் இரண்டு மாதமாக ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறான். தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து ஓட்டுவதற்கான வண்டி அது. அதுவும் மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறான். பெங்களூரு அல்ட்ராவயலெட் நிறுவனம் 2025 மார்ச்சில் அறிவித்த ஷாக்வேவ் அவன் பட்டியலில் முதலில் நிற்கிறது: எடை 120 கிலோ, பேட்டரி 4 கிலோவாட் மணி, ஒரு சார்ஜுக்கு 165 கிலோமீட்டர் என்பது நிறுவனத்தின் கணக்கு. ராயல் என்ஃபீல்டு 2023இல் மிலான் கண்காட்சியில் சோதனை வடிவமாகக் காட்டிய மின்சார ஹிமாலயன் விற்பனைக்கு வரும்வரை பொறுக்கலாமா என்பது அடுத்த யோசனை. சீனத்து சர்ரான் இவற்றைவிட மிக லேசானது. ஆனால் பதிவெண் இல்லாத வண்டியைப் பொதுச்சாலையில் இறக்க முடியாது, சாலையை விட்டு விலகுவதற்கும் முதலில் சாலை வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆலங்குளத்துக்குத் தெற்கே இருக்கும் தோட்டத்திலிருந்து அவன் அப்பா, என் அத்தான், பாவூர்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோவது டிவிஎஸ் எக்ஸ்எல்லில். 1980இல் வந்த டிவிஎஸ் 50இன் வாரிசு அது. டேங்க் நாலு லிட்டர். மகன் பார்க்கும் வண்டியின் பேட்டரியோ நாலு யூனிட் மின்சாரம். ஓடை மணல், கருவேல முள், மழை பெய்தால் முழங்கால் சகதி என்று முப்பது வருடமாக அத்தான் ஓட்டிவருவதற்கு 'ஆஃப்-ரோடிங்' என்று ஒரு பெயர் உண்டு என்பதும், அதற்கென்றே ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு வண்டி செய்கிறார்கள் என்பதும் அவருக்கு இப்போதுதான் தெரியவந்தது. போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏல, இதுல பெட்டி கெட்ட முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தோட்டத்துத் தடத்துக்குத் தார் போடச் சொல்லி அவர் கிராமசபையில் மனு கொடுக்காத வருடம் குறைவு. ஒரு தலைமுறை பாதை கேட்டே தேய்ந்தது. அது படிக்கவைத்து அனுப்பிய தலைமுறை, சனி ஞாயிறுகளில் பாதையில்லாத இடத்தைத் தேடிக்கொண்டு ஊருக்கு வருகிறது. இதில் யாரையும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. கரடுமுரடு கட்டாயமாக இருந்தவரை அதில் நமக்கு ரசிக்க எதுவும் இருக்கவில்லை. வேண்டாமென்றால் திரும்பிவிடலாம் என்று ஆன பிறகுதான் அது அழகாகத் தெரிகிறது.

எங்கே ஓட்டுவாய் என்று கேட்டால் கையை மேற்கே காட்டுகிறான். குற்றாலத்து மலை காப்புக்காடு. அந்தப் பக்கம்தான் 2015இல் நெல்லை வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. வண்டிக்குச் சத்தமே இல்லை, காட்டுக்கு என்ன தொந்தரவு என்கிறான். சத்தம் கேட்டால் மிளா முன்கூட்டியே விலகிவிடும்; சத்தமில்லாமல் போகிறவன் அதன் முன்னால் போய்த்தான் நிற்பான். சாரலில் ஊறிய சரிவில் டயர் கிழித்த கோடு, ஓட்டியது எதில் என்று பார்த்து ஆறுவதில்லை. புகையில்லை என்பதும் பாதி உண்மைதான். ஆரியங்காவு கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற காற்று குற்றாலத்துக்குச் சாரலையும் நம் பக்கத்துக் காற்றாலைகளுக்குச் சுற்றலையும் தருகிறது. அது ஓய்ந்த மாதங்களில் அந்த நாலு யூனிட்டுக்காக எங்கோ நிலக்கரி எரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை, தடம் எப்படி இருக்கிறதென்று பார்க்க அப்பாவின் எக்ஸ்எல்லையே எடுத்துக்கொண்டு போனான். பின்னால் இரண்டு பெட்டி தக்காளி. முட்டுவரை சேறோடு திரும்பிவந்து, தரைக்கும் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டியிருக்கும் என்று விரலால் அளந்து காட்டினான். அத்தான் ம் கொட்டியபடியே மேல்பெட்டியைத் திறந்து, நசுங்கிய பழங்களைத் தனியாகப் பொறுக்கிவைத்துக்கொண்டிருந்தார்.