எது பழைய தொட்டி?

அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பெற்ற வீடுகள் சிலவற்றில், உருண்டையொன்றை இறுகப் பற்றிய நகங்களையுடைய நான்கு பாதங்களின்மீது நிற்கும் வார்ப்பிரும்புக் குளியல் தொட்டிகளை இன்றும் காணலாம். வெண்மை மங்கி, குழாய் சொட்டுமிடத்தில் துருக்கறை இறங்கி, அடிப்பாகம் சொரசொரத்துப்போன அத்தகைய தொட்டியைப் புதுப்பித்தவர்கள், அதைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டதாகப் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்வதுண்டு. பழைய நிலை என்பது எது என்று கேட்கப் புகுந்தாலோ, வேதாந்திகளும் பௌத்தர்களும் நெடுங்காலம் வழக்காடிய விசாரத்தின் நடுவில் போய் நிற்போம்.

அத்தொட்டியின் வெண்மை உண்மையில் கண்ணாடி. செந்தணலாய்க் காய்ந்த இரும்பின்மீது கண்ணாடித் தூளைச் சல்லடையால் தூவ, அது உருகிப் படிய, மீண்டும் உலையிலிட்டு, மீண்டும் தூவி, இரும்பும் கண்ணாடியும் எளிதில் பிரியாதபடி அக்கினியால் பிணைத்தார்கள். இன்றைய புதுப்பிப்பாளரோ பெரும்பாலும் உலையை நாடுவதில்லை. அமிலம் தடவி அக்கண்ணாடியின் வழவழப்பைக் குலைத்து, அதன்மேல் எபாக்ஸியோ யூரித்தேனோ பீய்ச்சி உலரவிடுகிறார். உடல் நைந்த ஆடையைப் போன்றது என்னும் கீதையின் உவமை இந்தப் பூச்சுக்கு நன்றாகப் பொருந்தும். உலையில் பிறந்த எனாமலுக்கு அத்தனை எளிதாகப் பொருந்தாது.

கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை ஏதென்ஸ் மக்கள் ஒவ்வொன்றாக மாற்றிக் காத்துவர, அது அதே கப்பல்தானா என்று தத்துவ ஞானிகள் இரு கட்சியானார்கள் என்று புளூட்டார்க் எழுதிவைத்தார். தொட்டியின் விஷயம் அதற்கு நேர்மாறானது. உடல் முழுதும் பழையது. மேனி தீண்டும் பரப்பு மட்டுமே புதியது. குளிப்பவனுக்கு அந்தப் பரப்பே தொட்டி. மாடிப்படியில் அதைச் சுமந்து ஏறும் கூலியாளுக்கோ நூறு கிலோவுக்கு மேற்பட்ட அந்த இரும்பே தொட்டி. அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் ஆகா, தேர் என்பது அவற்றின் சேர்க்கைக்கு நாம் இட்ட பெயரே என்று மிலிந்த மன்னனுக்கு உரைத்த பௌத்தத் துறவி நாகசேனர், இவ்விருவரையும் கண்டிருந்தால் புன்னகைத்திருப்பார்.

தொட்டியின் பூர்வ கதையும் அவர் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. விஸ்கான்சின் மாநிலத்து ஷெபாய்கன் நகரில் வார்ப்படச் சாலை நடத்திவந்த ஜான் மைக்கேல் கோலர், குதிரைக்குத் தண்ணீர் காட்டவும், அறுத்த பன்றியை வெந்நீரிலிட்டு மயிர் களையவும் குடியானவர்கள் வைத்திருந்த தொட்டிக்கு எனாமல் ஏற்றி, நான்கு கால்களைப் பொருத்தினால் அது குளியல் தொட்டியாகும் என்று 1883-இல் தம் விலைப்பட்டியலில் அறிவித்தார். அந்தத் தொட்டியை அதன் பழைய நிலைக்குக் கொண்டுபோவதென்றால், குதிரைக்கும் பன்றிக்குமே திருப்பிக் கொடுக்கவேண்டும்!

ஆகவே, 'அசல்' என்பது ஒரு நாமம். அதன்மீது நாம் கொள்வது பற்று என்பதே என் துணிபு. வெறும் பற்றாக நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. ஆனால் அந்தப் பற்றுக்காக, முன்னொருவர் பூசிய பூச்சை உரித்தெடுக்க மெத்திலீன் குளோரைடு கலந்த மருந்தை ஊற்றிவந்தார்கள். அதன் ஆவி காற்றினும் கனமானதாகையால் தொட்டிக்குள்ளேயே தேங்கும். காற்றோட்டமில்லாத குளியலறையில், தொட்டியின் விளிம்பில் மார்பை அழுத்தி, தலையைக் கவிழ்த்துச் சுரண்டிய தொழிலாளி அந்த நச்சாவியைத்தான் சுவாசித்தார். 2000 முதல் 2011 வரை இவ்விதம் மாண்டவர்களாக 13 பேரை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை கணக்கில் கொண்டுவந்தது. கப்பலைப் பற்றி வாதித்த ஞானிகள், பலகை மாற்றிய தச்சனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அந்த அறிக்கையைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது.

வர்ணம் உரிக்கும் மருந்தாக மெத்திலீன் குளோரைடைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்க அரசு 2019-இல் தடுத்தது. 2024-இல் தொழில்முறை உபயோகங்களில் பெரும்பாலானவற்றையும் விலக்கியது. புராதனத் தொட்டியை வைத்திருப்போர், புதுப்பிப்பாளரை வீட்டுக்கு அழைக்குமுன், எந்த மருந்தைக் கொண்டு உரிப்பார் என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வார்களாக.