நூறு மணி ஜபமாலை

மென்பொருள் துறையில் ஆளெடுப்பதற்கென்றே ஒரு மொழி உண்டு. "கோடிக்கணக்கான பயனர்கள்", "இதுவரை யாரும் செய்யாதது", "சும்மா இன்னொரு ஆப் இல்ல, இது வேற லெவல்". சில வருடங்களாக இன்டர்வியூ மேசையில் கேள்வி கேட்கும் பக்கம் உட்காரும் வேலை எனக்கும் வந்து சேர்ந்திருப்பதால், இந்த மொழியை நானும் சரளமாகவே பேசுகிறேன். இடம் சார்ந்த தேடல் என்று வந்துவிட்டால் அதற்கு இன்னும் கொஞ்சம் கவர்ச்சி கூடிவிடும். இந்த நேரத்தில் பக்கத்தில் எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது, எந்த ரத்த வங்கி அருகில் இருக்கிறது, மழை பெய்தால் எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கும் என்பதையெல்லாம் அரை நொடியில் சொல்லும் ஒன்றைக் கட்டலாம் வா என்று கூப்பிட்டால், இருபத்துமூன்று வயதில் யாருக்கும் கண் விரியும். விரிய வேண்டியதுதான். அது நிஜமாகவே அழகான கணக்கு.

டேட்டாபேஸ் எதையும் வரிசையாக அடுக்கத்தான் விரும்பும். அகராதியில் சொற்கள் மாதிரி. ஆனால் பூமிக்கு ஒரு வரிசை கிடையாது, அதற்குக் கிழக்கு மேற்கும் உண்டு, வடக்கு தெற்கும் உண்டு. இரண்டு திசைகளையும் ஒரே வரிசையில் மடித்து வைக்க வேண்டும், மடித்தபிறகும் பக்கத்து வீடு பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஜியோஹாஷ் என்றொரு உத்தி இருக்கிறது. வரைபடத்தைப் பாதியாக, மறுபடி பாதியாக வெட்டிக்கொண்டே போய் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்துச் சரம் கொடுக்கும். அருகருகே இருக்கும் இடங்களுக்குப் பெரும்பாலும் முதல் சில எழுத்துகள் ஒன்றாக இருக்கும். எழுத்துகளைக் கூட்டினால் இடம் துல்லியமாகும், குறைத்தால் மங்கலாகும்.

இன்டர்வியூவில் இதையெல்லாம் கேட்கிறோம். நன்றாகவே பதில் சொல்கிறார்கள். கடைசியில், "உங்களுக்கு எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்போம். எந்த மொழியில் எழுதுகிறீர்கள், வீட்டிலிருந்து வேலை செய்யலாமா, ராத்திரி சப்போர்ட் உண்டா என்று வரும். எல்லாமே நியாயமான கேள்விகள். இது யாருடைய இடம், அதை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. நாங்களாகவும் சொல்வதில்லை. சொல்லாதவர், கேட்காதவர் இருவரில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்க நினைக்கிறேன்.

இந்தக் கேள்வி கம்ப்யூட்டருக்கு முந்தியது. 'கம்ப்யூட்டர்' என்பது மனிதர்கள் பார்த்த உத்தியோகத்தின் பெயராக இருந்த காலத்திலேயே இருந்தது.

1802-ல் சென்னைப் பரங்கிமலையிலிருந்து தெற்கே ஏழரை மைல் நீளத்துக்கு வில்லியம் லாம்ப்டன் ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் அளவைக்கு அதுதான் தொடக்கம். இமயம் வரை போன அந்த வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1831-ல் ராதாநாத் சிக்தர் என்ற வங்காள இளைஞரை மாதம் 30 ரூபாய்க்குக் 'கம்ப்யூட்டர்' வேலைக்கு எடுத்தார்கள். பின்னாளில் எவரெஸ்ட் என்று பெயரிடப்பட்ட சிகரத்தின் உயரக் கணக்கில் அவர் பங்கு பெரியது.

1863-ல் எடுத்த ஆள் இன்னும் சுவாரஸ்யமானவர். பெயர் நயின் சிங் ராவத். குமாவோன் மலைப்பகுதியின் பள்ளி ஆசிரியர். திபெத்துக்குள் வெள்ளைக்காரர் போக முடியாது, எனவே மலைவாசி ஒருவரை டேராடூனில் பயிற்சி கொடுத்து யாத்ரீகராக வேடமிட்டு அனுப்பினார்கள். ஒரே சீரான அடிகள் வைக்கப் பழக்கினார்கள், ஒரு மைலுக்கு 2000 அடி. கையில் ஜபமாலை. 108 மணி இருக்க வேண்டிய மாலையில் 100 மணிதான். நூறு அடிக்கு ஒரு மணி தள்ள வேண்டும். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதிலாகக் குறிப்புத்தாள். தண்ணீர் எந்த வெப்பத்தில் கொதிக்கிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிட்டார். 1866-ல் லாசாவை அடைந்து அதன் இருப்பிடத்தையும் உயரத்தையும் கணித்தார். 1877-ல் லண்டன் ராயல் புவியியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது.

1904-ல் பிரிட்டிஷ் படை லாசாவுக்குள் நுழைந்தது. அதற்கு நயின் சிங்கின் காலடிகள்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். அரசியல் காரணங்கள் ஆயிரம் இருந்தன. ஆனால் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாத ஊர் ஒரு பேரரசுக்குக் கதை, தெரிந்துவிட்ட ஊர் ஓர் இலக்கு. மணி தள்ளிக்கொண்டு நடந்தவருக்கு 1904 தெரிந்திருக்க வழியில்லை. எனக்கு அவர்மேல் மரியாதைதான் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த ஜபமாலை என்னைத் தொந்தரவு செய்கிறது. கும்பிட வந்தவர் என்று நம்பி வழிவிட்டவர்களுக்கு அது ஓர் அளவுகோல் என்று தெரியாது. இன்று டார்ச் லைட் ஆப் ஒன்று 'லொகேஷன் அனுமதி' கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த எட்டு மணிகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

இங்கே வழக்கமான பதில் ஒன்று வரும். "கத்தி காயும் நறுக்கும், ஆளையும் குத்தும். கத்தி செஞ்சவன் என்ன பண்ணுவான்?" இதைச் சும்மா ஒதுக்க முடியாது. 1854-ல் லண்டன் சோஹோவில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ இறப்புகளை வரைபடத்தில் குறித்தார். அவை பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன. அதுவும் இடம் சார்ந்த தரவுதான். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, முகம் தெரியாத தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தலைநகரின் தெருக்களைச் சில நாட்களில் வரைந்து கொடுத்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை வைத்து வேலை செய்தன. என்னைக் கேட்டால் நிரலாளர்கள் பெருமைப்பட வேண்டிய நாட்களில் அவையும் சேரும்.

ஆனால் கத்தி உவமை ஓர் இடத்தில் உடைகிறது. கத்திக்கு ஞாபகசக்தி கிடையாது. நேற்று நறுக்கிய வெண்டைக்காய் இன்று அதற்குத் தெரியாது. இடத்தரவு எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும், அதுவும் கேட்டவருக்கெல்லாம் சொல்லும். 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா விவகாரம் வெளிவந்தது. ஓடுபவர்களின் தடங்களை உலக வரைபடத்தில் ஒளிக்கோடுகளாகப் போட்டிருந்தார்கள். பெயர் எதுவும் இல்லை. ஆனாலும் வேறு வெளிச்சமே இல்லாத பாலைவனத்தில் ராணுவ முகாம்களைச் சுற்றி வீரர்கள் ஓடிய பாதைகள் பளிச்சென்று தெரிந்தன. 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, 15 லட்சம் பேரின் பதினைந்து மாத மொபைல் தடங்களை எடுத்துக்கொண்டு, நேரத்தோடு சேர்ந்த நான்கே நான்கு புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காட்டப் போதும் என்று காட்டியது. 'பெயரை எடுத்துட்டோம் சார், இனி பிரச்சினை இல்ல' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் இருக்கும் இடம் வீடு, பகல் பதினொரு மணிக்கு இருக்கும் இடம் ஆபீஸ். இரண்டும் தெரிந்தபின் பெயர் எதற்கு? அடிக்கிற கணவனை விட்டு ஓடிவந்து தோழி வீட்டில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு இதன் அர்த்தம் என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, அதில் நிரலாளர் எங்கே வருகிறார்? "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்பார்கள். நம்மில் பலர் நம்மை அம்பாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். முடிவெடுப்பது மேனேஜ்மென்ட், நான் வெறும் கோட் எழுதுகிறேன் என்று. ஆனால் அம்பு இன்டர்வியூவுக்கு வருவதில்லை. அதற்கு நோட்டீஸ் பீரியட் கிடையாது. எல்லாவற்றையும்விட, அம்பு தன் கூர்மையைத் தானே தீர்மானிப்பதில்லை. நாம் தீர்மானிக்கிறோம்.

இதை நான் உவமைக்காகச் சொல்லவில்லை. அட்சரேகையைச் சேமிக்கும்போது எத்தனை தசம இடங்கள் வைப்பது என்று ஒருவர் முடிவெடுக்கிறார். ஆறு இடம் வைத்தால் 11 சென்டிமீட்டர் வரை துல்லியம். திறந்த வெளியிலேயே போனின் ஜிபிஎஸ் சில மீட்டர்கள் தவறும், ஆகவே கடைசி ஓரிரு இலக்கங்கள் வெறும் பந்தா. நான்கு இடம் என்றால் 11 மீட்டர், அதாவது எந்த வீடு என்று தெரியும். மூன்று இடம் என்றால் 110 மீட்டர், எந்தத் தெரு என்று தெரியும். இரண்டு இடம் என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், எந்தப் பேட்டை என்பது தெரியும். நாளை மழை வருமா என்று சொல்ல இரண்டு இடம் தாராளம். அருகிலுள்ள மருந்துக்கடையைக் காட்ட நான்கு வேண்டும், ஆனால் காட்டி முடித்தபின் அதை லாகில் எழுதி வைக்க வேண்டிய அவசியம் இல்லை. எழுதியே ஆகவேண்டும் என்றால் ஏழு நாளில் அழியும்படி வைக்கலாம். இந்த முடிவுகளைப் பெரும்பாலும் எந்த டைரக்டரும் எடுப்பதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்த டேபிளை உருவாக்கும் இருபத்துமூன்று வயதுக்காரர் எடுக்கிறார். 'பிற்பாடு உதவும், இருக்கட்டும்' என்று ஆறு இடம் வைக்கிறார். யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் 'பிற்பாடு' யாருடைய கையில் இருக்கும் என்பதுதான் தெரியாது. கம்பெனி விற்கப்படலாம், சர்வர் கசியலாம், ஆட்சி மாறலாம்.

இப்படிச் சொல்லிவிட்டு முழுப் பாரத்தையும் அந்தப் பையன்மீதோ பெண்மீதோ ஏற்றுவது அநியாயம். கல்விக்கடன் இருக்கிறது, ஊரில் தங்கைக்குக் கட்ட வேண்டிய ஃபீஸ் இருக்கிறது. மனசாட்சிக்காக ஆஃபரை மறுக்கச் சொல்வது, இரண்டு ஆஃபர் கையில் உள்ளவர்களுக்கு மட்டுமான அறம். அறம் அவ்வளவு வசதியானவர்களுக்கு மட்டும் என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது. பொறுப்பு அறிவுக்கும் அதிகாரத்துக்கும் ஏற்பப் பிரிய வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. தரவு எங்கே போகும் என்று அதிகம் தெரிந்தவர் ஆளெடுப்பவர். ஆகவே முதல் கடன் அவருடையது. மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுடையது.

"எதிர்காலத்துல எதுக்குப் பயன்படும்னு எங்களுக்கே தெரியாதே, எதைச் சொல்றது?" என்று கேட்கலாம். தெரியாது என்பதையே சொல்லலாம். 'எதற்கென்று தெரியாமல் சேர்க்கிறோம்' என்பது சாதாரண வாக்கியம் இல்லை. அந்த வேலையைப் பற்றிய மிக முக்கியமான தகவலே அதுதான். இப்படி உண்மை பேசினால் நல்ல ஆட்கள் வரமாட்டார்கள் என்பது இன்னொரு பயம். என் அனுமானம் நேரெதிரானது. கேட்டபின்னும் வருபவர்கள்தான் அந்த டேபிளில் இரண்டு இலக்கத்தைக் குறைப்பார்கள்.

மீதிக் கடன் கேட்பவருடையது. மறுக்க முடியாதவரும் கேட்கலாம். சிக்தரை மறுபடி நினைக்கிறேன். 1843-ல் டேராடூனில் சர்வே கூலியாட்களைச் சட்டவிரோதமாகச் சுமை தூக்க வைத்த வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டை எதிர்த்து நின்றார், 200 ரூபாய் அபராதம் கட்டினார். வேலையை விடவில்லை. பல வருடங்கள் அங்கேயே கணக்குப் போட்டார். உள்ளே இருந்துகொண்டு எதிர்ப்பதும் ஒரு வழி என்பதற்கு அவர் எனக்கு உதாரணம்.

எனவே இன்டர்வியூவுக்குப் போகும் நண்பர்களுக்கு: கடைசியில் அந்த "ஏதாவது கேக்கணுமா?" வரும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். எத்தனை தசம இடம் சேமிக்கிறீர்கள்? எத்தனை நாளில் அழிக்கிறீர்கள்? போன் வைத்திருப்பவருக்கு இது தெரிந்தால் திடுக்கிடுவாரா? இவற்றைக் கேட்டதற்காக யாரும் வேலை தராமல் போகமாட்டார்கள் என்று என்னால் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனால் பேனலில் இருக்கும் மூன்று பேரில் ஒருவராவது தன் கணினியைத் திறந்து, அந்த டேபிளில் எத்தனை இலக்கம் இருக்கிறது என்று அன்று சாயங்காலம் பார்ப்பார்.