நல்லாப் பாரு

இரவு ஒரு மணி தாண்டியிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருக்கலாமோ என்று கால் கூசியது. ஆய்வகத்தில் அதற்கு அனுமதி கிடையாது.

கால்டெக்கில் பால் ராத்தமுண்ட் 2006-இல் செய்து காட்டினாரே, அதே சிரித்த முகத்தைத்தான் நானும் டி.என்.ஏ.வில் மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்டீரியாவைத் தொற்றும் எம்13 வைரஸின் இழை ஒன்று, 7,249 எழுத்து நீளம். அதை அங்கங்கே இழுத்துப் பிடித்துத் தைக்க இருநூற்றுக்கும் மேற்பட்ட குட்டி இழைகள். உப்புநீரில் கலந்து, 95 டிகிரிக்குச் சூடாக்கி, மெல்ல ஆறவிட வேண்டும். நம் வேலை அதோடு சரி. முகத்தின் அகலமே 100 நானோமீட்டர். எந்த விரல் அதை மடிக்கும்?

போன முறை மெக்னீசியம் சேர்க்க மறந்துவிட்டேன். திரையில் வெறும் குப்பை. டி.என்.ஏ. இழைகள் எல்லாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை, பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று தள்ளும். நடுவே மெக்னீசியம் நின்றால்தான் அடங்கி உட்காரும். எழுத்துக்கு எழுத்து ஜோடி பார்த்து வைத்தவன் நான். சேர்த்துவைத்ததோ கரைந்துபோன அந்த உப்பு. அருள், அருள் என்கிறோமே, அதை நான் முதன்முதலில் பிப்பெட்டில் உறிஞ்சி எடுத்தது இந்த முறைதான்.

மைக்காத் தகட்டில் ஒரு சொட்டு வைத்தேன். அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனை தடவித் தடவி நகர, படம் வரிவரியாக மேலிருந்து இறங்கியது. விளிம்பு. நெற்றி. இரண்டு கண்கள். மூச்சு நின்றது. அப்புறம், என் அப்பனே, அந்தச் சிரிப்பு! அதன் கீழே இன்னொன்று, தலைகீழாய் ஒன்று, சாய்ந்தபடி ஒன்று. எந்தப் பக்கம் பார்த்தாலும் நீயேதானா? உடம்பு சிலிர்த்து, கண் நிறைந்து, திரை கலங்கியது.

அந்தக் கண்ணையும் வாயையும் யாரும் வரையவில்லை. இழை போகாமல் விட்ட ஓட்டைகள் அவை. சிரிப்பு இருந்த இடத்தில் பொருளே இல்லை.

சின்ன வயதில் சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டினார்கள். பொன் வில்வ மாலை தொங்கியது, வேறெதுவும் இல்லை. "ஒண்ணுமே இல்லையேம்மா" என்றேன். "நல்லாப் பாருடா" என்று சொல்லி அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஊசி மறுபடியும் முதல் வரிக்குப் போயிற்று. கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை எனக்கு. அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.